ஒரே கேசிங்குக்குள் பல கம்பனி ஆர்ஜிபி ஃபேன்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் கொம்பியூட்டர் பூட்டுகிற கனபேர் எல்லாச் சாமானையும் ஒரே நாளில் வாங்குவதில்லை. கேசிங்கோடு வந்த மூன்று ஆர்ஜிபி ஃபேன் (நிற லைட் உள்ள ஃபேன்) இருக்கும், பிறகு பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் எடுத்த ஒன்று சேரும், நண்பனின் பழைய மெஷினில் கழற்றிய இரண்டும் வந்து சேரும், கடைசியில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமான பிளக்கோடு மேசையில் கிடக்கும். "எல்லாத்தையும் வித்துப்போட்டு ஒரே செட்டா வாங்கு" என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். அது தேவையில்லை. பெரும்பாலான ஃபேன்களை ஒன்றாக ஓடவைக்கலாம், ஒரே நிறத்தில் எரியவும் வைக்கலாம். எது முடியாது என்பது முதலிலேயே தெரிந்திருந்தால் காசும் மிஞ்சும், மதர்போர்டும் தப்பும்.

ஒரு ஃபேனில் இருந்து ஏன் இரண்டு வயர் வருகிறது?

ஒன்று மோட்டாருக்கு, மற்றது லைட்டுக்கு. இரண்டுக்கும் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லை. ஃபேன் சுற்றுகிறது ஆனால் எரியவில்லை, அல்லது எரிகிறது ஆனால் சுற்றவில்லை என்று கேட்பவர்களுக்கெல்லாம் பதில் இதில்தான் இருக்கிறது: இரண்டு வயரில் ஒன்று சரியான இடத்துக்குப் போகவில்லை.

மோட்டார் வயரில் 3 பின் அல்லது 4 பின் இருக்கும். 3 பின் என்றால் தரை (கிரவுண்ட்), 12 வோல்ட், வேகத்தைச் சொல்லும் சிக்னல். நான்காவது பின் இருந்தால் அது பிடபிள்யூஎம், அதாவது வேகத்தைக் கூட்டிக் குறைக்கச் சொல்லும் கட்டளை போகிற கம்பி. மோட்டார் பிளக்கின் ஒரு பக்கத்தில் பிளாஸ்டிக் மேடு இருக்கும், மதர்போர்டில் உள்ள தடுப்புத் தகட்டோடு அது பொருந்தும். லைட் பிளக்கில் அந்த மேடு இருக்காது. 4 பின் லைட் பிளக்கை ஃபேன் ஹெடரில் (ஹெடர் என்பது மதர்போர்டில் பிளக் செருகுகிற பின் வரிசை) வலுக்கட்டாயமாகச் செருக முடியும் என்பதால் இதைக் கண்ணால் பார்த்தே செருகுங்கள், கேசிங்குக்குள் விரலை விட்டுத் தடவிச் செருக வேண்டாம்.

ஆர்ஜிபி, ஏஆர்ஜிபி என்று இரண்டு சொல்கிறார்களே, என்ன வித்தியாசம்?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் வாசிப்பதென்றால் இதை வாசியுங்கள்.

சாதாரண ஆர்ஜிபி 12 வோல்ட்டில் ஓடும், 4 பின். ஒரு பின்னில் 12 வோல்ட், மற்ற மூன்றும் பச்சை, சிவப்பு, நீலம். ஃபேனில் எத்தனை எல்ஈடி இருந்தாலும் எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே நிறத்தில்தான் எரியும். நிறம் மாறும், ஆனால் சுற்றி ஓடாது.

ஏஆர்ஜிபி 5 வோல்ட், 3 பின். 5 வோல்ட், டேட்டா, ஒரு வெற்றிடம், பிறகு தரை. இதில் ஒவ்வொரு எல்ஈடிக்குள்ளும் ஒரு சின்ன சிப் இருக்கிறது. மதர்போர்ட் டேட்டா கம்பியில் நிறங்களை வரிசையாக அனுப்பும், முதல் எல்ஈடி தனக்குரிய 24 பிட்டை எடுத்துக்கொண்டு மீதியை அடுத்ததுக்குத் தள்ளிவிடும். வானவில் வட்டமாக ஓடுவது, வால்வெள்ளி மாதிரி இழுபடுவது எல்லாம் இதில்தான் சாத்தியம். டபிள்யூஎஸ்2812பி என்கிற எல்ஈடியும் அதைப் போலச் செய்த மற்றவைகளும்தான் பெரும்பாலும் உள்ளே இருப்பவை.

5 வோல்ட் ஃபேனின் லைட் பிளக்கை 12 வோல்ட் ஹெடரில் போட்டால் எல்ஈடி எரிந்து போகும். சில நேரம் ஒரு விநாடி வெளிச்சம் வந்துவிட்டு நின்றுவிடும், அவ்வளவுதான். சரியாகச் செய்த பிளக்கில் மூன்றாவது ஓட்டை அடைத்திருக்கும், 4 பின் ஹெடரில் இறங்காது. மலிவான பிளக்குகளில் அந்த அடைப்பு இல்லாமலும் வரும், ஆகவே பிளக் இறங்குகிறது என்பதை வைத்துச் சரி என்று முடிவெடுக்க வேண்டாம்.

மதர்போர்டில் எந்த இடம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். எம்எஸ்ஐ போர்டில் ஜேஆர்ஜிபி என்றால் 12 வோல்ட், ஜேரெயின்போ என்றால் 5 வோல்ட். கிகாபைட்டில் எல்ஈடி_சி 12 வோல்ட், டி_எல்ஈடி அல்லது ஏஆர்ஜிபி_வி2 என்று இருந்தால் 5 வோல்ட். ஆசுஸில் ஆட்_ஜென்2 என்றிருப்பது 5 வோல்ட், ஆஸ்ரொக்கில் ஏடிடிஆர்_எல்ஈடி என்றிருப்பது 5 வோல்ட். பெயர் விளங்காவிட்டால் பின்களை எண்ணுங்கள்: நான்கும் வரிசையாக இருந்தால் 12, இடையில் ஒரு பல் விழுந்த மாதிரி இருந்தால் 5. அப்படியும் சந்தேகம் என்றால் போர்டின் மனுவலை நெட்டில் எடுத்துப் பாருங்கள், பெரும்பாலான போர்டுகளுக்குக் கிடைக்கும்.

என் ஃபேனில் 3 பின்னும் இல்லை, 4 பின்னும் இல்லை. சின்ன 6 பின் பிளக் இருக்கிறது. என்ன செய்வது?

மோட்டாரையும் லைட்டையும் ஒரே பிளக்கில் சேர்த்த ஃபேன் அது. ரிமோட்டும் ஹப்பும் (பல ஃபேன்களை ஒன்றாக இணைக்கிற சின்னப் பெட்டி) சேர்த்து செட்டாக வரும் மலிவான ஃபேன்களில் இதுதான் அதிகம். அந்த ஹப் இல்லாமல் ஃபேன் எரியவும் எரியாது, சுற்றவும் சுற்றாது. ஒரு கம்பனியின் 6 பின் ஹப்பில் இன்னொரு கம்பனியின் 6 பின் ஃபேனைப் போடுவது ஆபத்தான வேலை, பிளக் ஒன்றாக இருந்தாலும் உள்ளே கம்பிகளின் வரிசை வேறாக இருக்கலாம்.

பெரிய கம்பனிகளும் சொந்த பிளக் வைத்திருக்கின்றன. கோர்செயரின் பழைய ஃபேன்களில் லைட் பிளக் 4 பின்னாக இருக்கும், பார்த்தால் 12 வோல்ட் மாதிரித் தெரியும், ஆனால் அது 5 வோல்ட். அதை அவர்களுடைய ஹப்பில்தான் போட வேண்டும். லியன் லி யூனி ஃபேன்கள் ஒன்றோடொன்று பக்கவாட்டில் பொருந்தி ஒரே கேபிளில் அவர்களுடைய கொன்ட்ரோலருக்குப் போகும். இப்படிப்பட்டவற்றைக் கலக்க வேண்டுமென்றால் அவற்றுக்குரிய ஹப்பை வைத்துக்கொண்டு, மென்பொருளில் சேர்ப்பதுதான் வழி. அதைக் கீழே சொல்கிறேன்.

12 வோல்ட் ஃபேன் இரண்டும் 5 வோல்ட் ஃபேன் மூன்றும் இருக்கின்றன. ஒரே கேபிளில் போடலாமா?

முடியாது. ஆனால் ஒரே கேசிங்கில் வைத்திருக்கலாம். போர்டில் இரண்டு வகை ஹெடரும் இருந்தால் 12 வோல்ட்டை அதன் இடத்திலும் 5 வோல்ட்டை அதன் இடத்திலும் போட்டு, போர்டின் மென்பொருளில் இரண்டுக்கும் ஒரே நிறத்தைக் கொடுங்கள். நிலையான நிறம், மெதுவாக மங்கித் தெளிவது, இவை இரண்டிலும் ஒரேமாதிரி வரும். ஓடுகிற எஃபெக்ட் 12 வோல்ட்டில் வராது, எந்த மென்பொருளாலும் வரவைக்க முடியாது.

கடையில் "கொன்வெர்ட்டர் வயர்" என்று ஒன்று தருவார்கள். அதில் ஒரு சின்னப் பெட்டியோ சேர்க்கிட்டோ இல்லாமல் இரண்டு பக்கமும் பிளக் மட்டும் இருந்தால் வாங்க வேண்டாம். வோல்ட்டை மாற்றவும் டேட்டாவை நிறக் கட்டளையாக மாற்றவும் சிப் வேண்டும், வெறும் கம்பி அதைச் செய்யாது.

எனக்கென்றால் 12 வோல்ட் ஃபேன் இரண்டையும் கண்ணில் படாத இடத்தில், மேலேயோ பின்னாலோ, ஒரே நிலையான நிறத்தில் வைத்துவிட்டு, கண்ணாடிப் பக்கமும் முன்பக்கமும் ஏஆர்ஜிபி ஃபேன்களை வைப்பேன். வடிவாக இருக்கும்.

ஒரு ஹெடரில் எத்தனை ஃபேன் தொங்கவிடலாம்?

லைட்டுக்கு ஒரு கணக்கு, மோட்டாருக்கு ஒரு கணக்கு.

ஏஆர்ஜிபி ஹெடர் பெரும்பாலும் 5 வோல்ட் 3 அம்பியர், அதாவது 15 வாட் வரை தரும். டபிள்யூஎஸ்2812பி எல்ஈடி முழு வெள்ளையில் அதிகபட்சம் 60 மில்லி அம்பியர் வரை இழுக்கலாம். 12 எல்ஈடி உள்ள ஃபேன் என்றால் 0.72 அம்பியர், நான்கு ஃபேன் 2.88. அதோடு அந்த ஹெடர் நிரம்பிவிட்டது. சாதாரணமாக யாரும் எல்லா லைட்டையும் முழு வெள்ளையில் விடுவதில்லை, நிறத்தில் எரியும்போது குறைவாகத்தான் இழுக்கும், ஆனாலும் கணக்கை மோசமான நிலைமைக்குத்தான் போட வேண்டும். ஐந்தாவது ஃபேன் வருகிறதென்றால் சாட்டா பவர் எடுக்கிற ஹப் வாங்குங்கள். அப்போது மதர்போர்டில் இருந்து டேட்டா மட்டும் போகும், கரண்ட் பவர் சப்ளையில் இருந்து வரும்.

மோட்டார் ஹெடர் பெரும்பாலும் 1 அம்பியர். ஃபேனின் நடுவில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அம்பியர் எழுதியிருக்கும், கூட்டிப் பாருங்கள். 0.25 என்று போட்ட ஃபேன் மூன்றுக்கு மேல் ஒரு ஹெடரில் வேண்டாம், சுற்றத் தொடங்கும் நேரத்தில் கொஞ்சம் அதிகமாக இழுக்கும் என்பதால் இடைவெளி விட வேண்டும்.

ஹப்பில் போட்டேன், எல்லா ஃபேனும் ஒரேமாதிரித்தான் எரிகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி நிறம் வேண்டும்.

சாதாரண ஹப் வருகிற டேட்டாவை எல்லா வாய்க்கும் நகல் எடுத்து அனுப்புகிறது. எல்லா ஃபேனுக்கும் போகிற செய்தி ஒன்றே. தனித்தனியாக வேண்டுமென்றால் ஒன்றில் தனித்தனி ஹெடர், இல்லையென்றால் மதர்போர்டின் உள் யூஎஸ்பி 2.0 ஹெடரில் இணைகிற கொன்ட்ரோலர்.

ஃபேனில் இருந்து ஃபேனுக்குச் சங்கிலியாக இணைக்கிற வகையும் உண்டு. அதில் சிலது டேட்டாவை உண்மையிலேயே வரிசையாகக் கடத்தும், சிலது உள்ளே பிரித்து நகல்தான் கொடுக்கும். கண்டுபிடிக்க ஒரு ஓடுகிற எஃபெக்டைப் போடுங்கள். வெளிச்சம் முதல் ஃபேனை முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போனால் வரிசை. எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் தொடங்கினால் நகல். வரிசை என்றால் மென்பொருளில் எல்ஈடி எண்ணிக்கையை எல்லா ஃபேனையும் கூட்டிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கடைசி ஃபேன் இருட்டாகவோ பாதியில் உறைந்தோ நிற்கும்.

கலந்த ஃபேன்களுக்கு இங்கேதான் உண்மையான சிக்கல். ஒன்றில் 8 எல்ஈடி, இன்னொன்றில் 18 இருந்தால், நகல் ஹப்பில் ஒரே வானவில் முதலாவதில் பாதியோடு வெட்டுப்படும், மற்றதில் முழுதாகச் சுற்றும். சரிசெய்ய மூன்று வழி: ஒரே எண்ணிக்கை உள்ளவற்றை ஒரு ஹப்பிலும் மற்றவற்றை வேறு ஹெடரிலும் பிரித்துப் போடுங்கள், அல்லது முழு ஃபேனும் ஒரே நிறத்தில் மாறும் எஃபெக்டைத் தேர்ந்தெடுங்கள், அதுவும் பிடிக்காவிட்டால் கொன்ட்ரோலருக்குச் செலவழியுங்கள். எனக்கு முதலாவது வழிதான் பிடிக்கும், செலவும் இல்லை.

அப்புறம் ஒரு கவனம்: சங்கிலியின் கடைசியில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வெறும் பின்களுக்கு மூடி போடுங்கள், மூடி தொலைந்திருந்தால் டேப் சுற்றுங்கள். அதில் 5 வோல்ட் இருக்கிறது, கேசிங்கின் இரும்பில் பட்டால் ஷோர்ட்.

சிவப்புக் கொடுத்தால் ஒரு ஃபேன் மட்டும் பச்சையாக எரிகிறது. பழுதா?

இல்லை. சில சிப் நிறங்களைச் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் எதிர்பார்க்கும், சில பச்சையை முதலில் எதிர்பார்க்கும். மென்பொருளில் நிற வரிசையை மாற்ற வசதி இருந்தால் அந்த ஃபேனைத் தனி ஹெடரில் போட்டு மாற்றுங்கள். வசதி இல்லையென்றால் வெள்ளை அல்லது நீலம் போட்டுவிடுங்கள், இரண்டிலும் வித்தியாசம் தெரியாது.

வெள்ளை கொடுத்தால் கடைசி ஃபேன் மஞ்சளாகத் தெரிகிறது.

வோல்ட் விழுகிறது. நீல எல்ஈடிக்கு ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும், சிவப்புக்கு 2 போதும். நீண்ட கேபிளிலும் மெல்லிய கம்பியிலும் வோல்ட் குறையும்போது முதலில் வாடுவது நீலம், அது வாடினால் வெள்ளை மஞ்சளாகும். வெளிச்சத்தைக் குறைத்துப் பாருங்கள். சரியானால் காரணம் இதுதான், சாட்டா ஹப்புக்கு மாறுங்கள்.

என் போர்டில் லைட் ஹெடரே இல்லை.

எச்61, எச்81, ஏ320 மாதிரிப் பழைய அல்லது கீழ்விலை போர்டுகள் இன்னும் நிறையப் பாவனையில் இருக்கின்றன, அவற்றில் பெரும்பாலும் ஏஆர்ஜிபி ஹெடர் இருக்காது. சாட்டா பவரில் ஓடும் ரிமோட் ஹப் வாங்கினால் போதும். கேசிங்கில் ரீசெட் பட்டனும் ஹப்பில் அதற்கான இடமும் இருந்தால் அதன் வயரை ஹப்பில் செருகி, அந்தப் பட்டனாலேயே எஃபெக்டை மாற்றலாம். எப்படியும் ரீசெட் பட்டனை யாரும் அமுக்குவதில்லை.

கொஞ்சம் கைவேலை தெரிந்தவர்களுக்கு இன்னொரு வழி: ஈஎஸ்பி32 என்கிற வைஃபை உள்ள சின்ன போர்டில் டபிள்யூஎல்ஈடி என்ற இலவச மென்பொருளை ஏற்றி, ஏஆர்ஜிபி ஃபேன்களை அதில் இணைத்து, வைஃபை வழியாக ஃபோனால் கட்டுப்படுத்தலாம். 5 வோல்ட்டைப் பவர் சப்ளையில் இருந்து எடுங்கள், தரைக் கம்பி இரண்டுக்கும் பொதுவாக இருக்க வேண்டும். ஈஎஸ்பி32 டேட்டாவை 3.3 வோல்ட்டில் அனுப்பும், 5 வோல்ட்டில் ஓடும் எல்ஈடி 3.5 அளவில் எதிர்பார்க்கும். கேபிள் குட்டையாக இருந்தால் பெரும்பாலும் ஓடிவிடும், விட்டு விட்டு மின்னினால் இடையில் டேட்டாவை 5 வோல்ட்டுக்கு உயர்த்துகிற 74எச்சிடி125 சிப் ஒன்று போடுங்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் உள்ள எலெக்ட்ரோனிக் கடைகளில் இப்படியான பாகங்களைக் கேட்டுப் பார்க்கலாம்.

எந்த மென்பொருள் போடுவது? நான்கு கம்பனிக்கும் நான்கா?

வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். ஒரே லைட்டை இரண்டு மென்பொருள் ஆள நினைத்தால் நிறம் மினுங்கும், நின்றுபோகும், மெஷின் மந்தமாகும். ஹெடரில் போட்டவை எல்லாம் போர்டின் சொந்த மென்பொருளுக்குக் கட்டுப்படும்: ஆசுஸுக்கு ஆர்மரி கிரேட், எம்எஸ்ஐக்கு எம்எஸ்ஐ சென்டர், கிகாபைட்டுக்கு ஆர்ஜிபி ஃப்யூஷன், ஆஸ்ரொக்குக்குப் பொலிகுரோம். ஃபேன் எந்தக் கம்பனி என்பது அங்கே முக்கியமே இல்லை, ஏஆர்ஜிபி என்றால் ஏஆர்ஜிபிதான்.

யூஎஸ்பி கொன்ட்ரோலர்களும் ஹெடர்களும் கலந்திருந்தால் ஓபன்ஆர்ஜிபி என்று ஒன்று இருக்கிறது. இலவசம், திறந்த மூலம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும், பல கம்பனிச் சாமானை ஒரே ஜன்னலில் காட்டும். போட்டதும் ஏஆர்ஜிபி ஹெடரின் எல்ஈடி எண்ணிக்கையை நீங்களே கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் ஒன்றும் எரியாது, "வேலை செய்யவில்லை" என்று கைவிடுகிற பலர் தவறவிடுவது இந்த ஒரு இடத்தைத்தான். சிக்னல்ஆர்ஜிபி பார்க்க இன்னும் அழகு, ஆனால் கூடுதலாக மெமரியும் ப்ரொசஸரும் எடுக்கும். விண்டோஸ் 11-இல் 2023-இல் வந்த டைனமிக் லைட்டிங்கும் இருக்கிறது, அதை ஆதரிக்கிற சாமானாக இருந்தால் மட்டும் உதவும்.

3 பின் மோட்டாரும் 4 பின் மோட்டாரும் ஒரே ஸ்ப்ளிட்டரில் (ஒரு ஹெடரைப் பல ஃபேனுக்குப் பிரிக்கிற வயர்) போட்டால்?

ஹெடர் பிடபிள்யூஎம் முறையில் இருந்தால் 3 பின் ஃபேன் எப்போதும் முழு வேகத்தில் கத்தும். மதர்போர்டின் செட்டிங் பக்கமான பயோஸில் டிசி முறைக்கு மாற்றினால் இரண்டும் வோல்ட்டுக்கு ஏற்ப வேகம் மாற்றும். இன்னும் நல்லது, 3 பின்களை ஒரு ஹெடரிலும் 4 பின்களை இன்னொன்றிலும் பிரிப்பது. ஸ்ப்ளிட்டரில் ஒரு ஃபேனின் வேகம் மட்டும்தான் மதர்போர்டுக்குத் தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள், மற்றது நின்றுபோனாலும் எச்சரிக்கை வராது.

கொழும்பு வெக்கைக்கு எந்த ஃபேனை எங்கே வைப்பது?

வருடம் முழுக்கப் பகலில் 30 பாகையைத் தாண்டுகிற ஊர் இது. ஏசி இல்லாத அறையில் ஃபேனால் கேசிங்குக்குள்ளே அறையை விடக் குளிராக்க முடியாது, ஆகவே காற்று தடையில்லாமல் ஓட வேண்டும். லைட்டை வைத்து இடம் தீர்மானிக்க வேண்டாம். அதிகக் காற்றுத் தள்ளுகிற ஃபேன்கள் முன்னால் உள்ளிழுக்கட்டும், மற்றது பின்னாலும் மேலேயும் வெளித்தள்ளட்டும். உள்ளே வருவது வெளியே போவதை விடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால், இடுக்குகளால் தூசு உறிஞ்சப்படுவது குறையும். காலி வீதியை ஒட்டிய வீடுகளில் ஃபில்டரை அடிக்கடி கழற்றித் தட்டுங்கள். வெள்ளவத்தை, தெஹிவளை மாதிரிக் கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள், உப்புக் காற்றில் பின்கள் பச்சை பிடிக்கிறதா என்றும் இடைக்கிடை பாருங்கள். "லைட் விட்டு விட்டு எரிகிறது" என்றால் அதுவும் ஒரு காரணம்.

மெஷினை நிற்பாட்டின பிறகும் லைட் எரிகிறது.

நிற்பாட்டினாலும் பவர் சப்ளை 5 வோல்ட் காத்திருப்புக் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும், சில போர்டுகள் அதில் லைட்டை எரியவைக்கும். பயோஸில் இந்தக் காத்திருப்புக் கரண்டைக் குறைக்கிற ஈஆர்பி என்பதை இயக்குங்கள், அல்லது நிற்பாட்டிய நிலையில் எல்ஈடியை அணைக்கிற வசதியைத் தேடுங்கள். ஈஆர்பி போட்டால் கீபோர்டால் மெஷினை எழுப்புவது வேலை செய்யாமல் போகலாம்.

பாவித்த ஃபேன் வாங்கலாமா?

வாங்கலாம், பிளக்கின் படத்தைக் கேட்டு வாங்கினால். விளம்பரத்தில் லைட் எரிகிற படம் மட்டும் இருந்தால் போதாது. 3 பின் 5 வோல்ட் பிளக் தெளிவாகத் தெரிந்தால் தனியாக ஒன்றைக்கூட எடுக்கலாம். 6 பின் என்றாலோ கம்பனியின் சொந்த பிளக் என்றாலோ ஹப்போடு தருவதாக இருந்தால் மட்டும் எடுங்கள். நேரில் போகிறீர்கள் என்றால் ஃபேனைச் சுற்றவிட்டுக் காதருகில் வைத்துக் கேளுங்கள், பிறகு சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். வானவில்லில் மறைந்துவிடுகிற செத்த எல்ஈடி ஒரே நிறத்தில் மறையாது.